முப்பத்து நான்கு வீடுகள்

"அப்போ, உங்க வலையிலே விழுந்த மீன் அந்த ஊர்க்காரங்க யார் கண்ணிலேயும் படலை. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"அப்படி நான் சொல்லலை, சார்."

"பின்னே? முப்பத்து நாலு வீட்டிலே ஜனவரியிலே மீனே கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. உங்க நோட்டுலே, வருஷம் பூரா பார்த்தா ஜனவரியிலேதான் மீன் ஜாஸ்தி. ரெண்டுலே ஒண்ணுதானேம்மா நிஜமா இருக்க முடியும்?"

கேட்டவர் பொருளாதாரத் துறைப் பேராசிரியர் ராஜகோபாலன். பதில் சொல்ல வேண்டியிருந்தவள் விலங்கியல் துறை ஆராய்ச்சி மாணவி யூனிஸ் அக்கா. இருவருக்கும் நடுவே மேஜைமேல் ஒரு கிராஃப் தாள் விரித்திருந்தது. நீலக் கோடு, சதுப்பில் பிடிபட்ட மீன். சிவப்புக் கோடு, சதுப்பை ஒட்டி வாழ்கிறவர்கள் சாப்பிட்ட மீன். நீலம் ஏறுகிற இடத்தில் சிவப்பு இறங்கியது. சிவப்புக் கோட்டுக்கான கணக்கைக் கொண்டுவந்தவன், பொருளாதாரத் துறையில் கணக்கெடுப்பு வேலை பார்த்த நான். மேஜையின் ஓரத்தில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கூர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

அது 1971 ஆகஸ்டு மாதம். சேலையூரில் வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. வாசலில் 'பள்ளிக்கரணைக் கூட்டாய்வு' என்று பலகை தொங்கியது. சதுப்பில் என்ன வாழ்கிறது என்பதை ஒரு துறையும், அதை நம்பி யார் வாழ்கிறார்கள் என்பதை இன்னொரு துறையும் ஒரு வருஷம் பார்த்து, கடைசியில் ஒரே அறிக்கையாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. சமையலறை விலங்கியலுக்குப் போயிற்று. மளிகைச் சாமான் வைக்கிற பலகைகளில் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குள் கெளுத்தியும் குறவையும் ஃபார்மலினில் மிதந்தன. கூடம் எங்களுக்கு. முதல் மாதம் இரண்டு துறைக்கும் தனித்தனி மேஜை இருந்தது. விலங்கியல் பேராசிரியர் வேதசிரோமணி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மேஜை போட்டா ரெண்டு ஆராய்ச்சிதான் நடக்கும்" என்று சொல்லி ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு நாங்கள் குடித்த டீயிலும் ஃபார்மலின் வாசனை வந்தது.

இப்போது அந்த ஒற்றை மேஜைக்கு அந்தப் பக்கம் வேதசிரோமணியும் உட்கார்ந்திருந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

"சார், ஜனவரின்னா தை மாசம்" என்றாள் யூனிஸ் அக்கா. "மழை நின்னு தண்ணி வத்த ஆரம்பிக்கிற நேரம். பரந்து கிடந்த மீனெல்லாம் பள்ளத்துக்கு வந்து சேரும். எனக்கு வலை வீசுற குப்பன் சொல்றான், தையிலே கையாலேயே அள்ளலாம்னு. அந்த மாசத்திலே யார் வீட்டிலே மீன் இருக்காது?"

ராஜகோபாலன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வகுப்பில் நல்ல மாணவன் தப்பாகச் சொன்னால் சிரிக்கிற சிரிப்பு.

"தை பிறந்தா எல்லாருக்கும் நிறைஞ்சுடும்னு நினைக்கிறது நிலம் வச்சிருக்கிறவனோட கணக்கும்மா. இவங்களுக்கு நிலம் ஏது? நாம ஊகிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பையன் வீடு வீடா ஏறி இறங்கியிருக்கான்."

அவர் என் தோளைத் தட்டினார். பென்சில் முனை ஒடிந்தது.

வேதசிரோமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரொம்ப மெதுவாகக் கேட்டார். "ஜனவரியிலே நீ எல்லா வாரமும் போனியாம்மா?"

யூனிஸ் அக்காவுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"கிறிஸ்துமஸ், நியூ இயர் எல்லாம் அடுத்தடுத்து வந்துது. வீட்டிலே விருந்தாளிங்க இருந்திருப்பாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் போக முடியாம இருந்தா அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். முந்தின வாரத்துக் கணக்கைப் பார்த்து ஒரு அளவா எழுதியிருந்தா, அதை இப்பவே சொல்லிடு."

"நான் போனேன், சார். ஜனவரி ரெண்டாம் தேதி சனிக்கிழமை கூடப் போனேன். குப்பனைக் கேளுங்க."

"குப்பனுக்கு நீங்க போன நாளுக்குத்தான் கூலி" என்றார் ராஜகோபாலன். "போகலைன்னு அவன் எப்படிச் சொல்லுவான்?"

குப்பன் வெளி வராந்தாவில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது. ஊசியை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினான்.

பொய் எழுதினாயா என்று அவளைத்தான் கேட்டார்கள். நான் பென்சில் சீவிய தூளை ஒரு தாளில் கூட்டி எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கொட்டினேன். கொட்டிவிட்டு உள்ளே வரப் பிடிக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் நாற்பது வீட்டுக்குப் போக வேண்டியவன். போனது ஆறு.

முதல் நாள் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கரணையில் இறங்கி, சதுப்போரம் குடிசைகள் இருந்த பக்கம் நடந்தேன். சரசு என்ற பெண்ணின் வீடு முதலில் வந்தது. அவள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படிவத்தை அட்டையில் செருகி, அச்சடித்திருந்தபடியே கேட்டேன்: கடந்த ஏழு நாட்களில் எத்தனை வேளை உணவு இல்லாமல் இருந்தீர்கள்?

சரசு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், நான் பட்டினி கெடந்தத எண்றதுக்கா படிச்சிட்டு வந்துகீறே?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இது ஆராய்ச்சி, உங்கள் நன்மைக்காக என்று ஏதோ சொன்னேன்.

"சரி, எளுதிக்கோ. அதுக்கு முன்னாடி நீ சொல்லு. நேத்து நீ எத்தினி வேளை துன்னே?"

"மூணு வேளை."

"சாயங்காலம் டிபன்?"

"அதுவும்."

"அத மொதல்ல எளுது. அதுக்குக் கீள என்னுத எளுது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எல்லாக் கேள்விக்கும் பதிலும் சொன்னாள். ஆனால் அதற்கடுத்த ஐந்து வீடுகளிலும் நான் தலை நிமிராமல் கேட்டேன். கேட்கும்போதே அம்மா காலையில் போட்ட தோசைகள் நினைவில் வந்தன. மறு வாரம் பஸ் பள்ளிக்கரணையில் நின்றபோது இறங்க என் கால் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு எதிர்த்திசையில் பெருங்களத்தூர் போய், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்காரத் தொடங்கினேன். அட்டையும் படிவங்களும் மடியில் இருந்தன. பையில் ஒரு நாவலும் இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து வாடகை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் ஒரு அலமாரி நிறைய உண்டு. பழுப்புத்தாள் அட்டை போட்ட கனமான புத்தகங்கள். தூர தேசத்து விவசாயிகள், சுரங்கக்காரர்கள், மீனவர்கள், பனிப்புயலில் வழி தவறுகிற தபால் வண்டிகள். அந்த மனிதர்களை எனக்குச் சரசுவைவிட நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. அவர்கள் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

முதலில் ஒரு படிவத்தை மட்டும் எழுதினேன். இன்னொரு வாரம் உண்மையாகவே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு நான்கு. பிறகு வாரத்துக்கு ஏழு, எட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர், ஒரு குடும்பம், ஒரு துக்கம். கனகவல்லி, நாற்பது வயது, கணவன் இல்லை, இரண்டு பெண்கள். அம்மணி, இருபத்தெட்டு வயது, மாமியாருக்குக் கண் தெரியாது. படிவத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்று மூன்று வரி இடம் இருந்தது. அது எனக்குப் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.

படிவத்தில் மாதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. ஜனவரி என்ற கட்டத்தில் என் கை தானாகவே சைபர் போட்டது. பிப்ரவரியிலும் சைபர். மார்ச்சில் கொஞ்சம் உயர்த்தினேன், ஏப்ரலில் இன்னும். நான் படித்த எல்லாக் கதைகளிலும் ஜனவரி என்றால் ஏரி உறைந்துபோகும், களஞ்சியம் காலியாகும், குழந்தைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வசந்தம் வரக் காத்திருப்பார்கள். கட்டத்தின்மேல் 'தை' என்று போட்டிருந்தால் என் கை நின்றிருக்கும். எங்கள் வீட்டிலேயே தை மாதத்தில் மீன் மலிந்துவிட்டது என்று அம்மா வாரத்தில் மூன்று நாள் குழம்பு வைப்பாள். ஜனவரி வேறு ஏதோ ஊரின் மாதம் என்பதுபோல எழுதிக்கொண்டே போனேன்.

கனகவல்லியின் படிவத்தில், 'குளிர்மாதங்களில் மீன்கள் அடியில் போய்த் தூங்கிவிடும், நாங்கள் அவை எழுந்திருக்கும்வரை காத்திருப்போம்' என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன். ராஜகோபாலன் சார் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "புள்ளிவிவரம் எவன் வேணும்னாலும் கொண்டுவருவான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்கிட்டு வர்றதுக்குக் காது வேணும்" என்றார். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

யூனிஸ் அக்கா அதே வருஷம் ஐம்பத்திரண்டு சனிக்கிழமை சதுப்பில் இறங்கினாள். மூன்றே இடம்; ஒவ்வொரு இடத்திலும் குப்பன் பத்து முறை வலை வீச வேண்டும். விழுந்ததை வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விடுவாள். புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நிற்பாள். திங்கட்கிழமை வரும்போது கால் விரலிடுக்குகளில் சேற்றுப்புண்ணுக்கு நீல மருந்து போட்டிருப்பாள். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் அவள் முன்வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போது அந்த நீலப் பாதங்களைச் சபையே பார்க்கும். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்று தபீதாள் ஆன்ட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விடுவார். அக்கா அடுத்த சரணத்தைக் கொஞ்சம் உரக்கப் பாடுவாள்.

அந்த ஐம்பத்திரண்டு சனிக்கிழமைதான் அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம். ஒரு மாதத்தை இட்டுக்கட்டினாள் என்று ஆகிவிட்டால் மற்ற பதினொரு மாதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

கூட்டம் முடிந்து பேராசிரியர்கள் போன பிறகு, குப்பன் வராந்தாவிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"சார், ஒரு டவுட்டு. அந்த நாப்பது வூடு எந்தாண்ட கீது?"

"சதுப்போரம்தான்."

"நான் பொறந்து வளந்தது அங்கதான். எனுக்குத் தெரியாத வூடு எது?" அவன் பல்லால் நூலைக் கடித்தான். "நீ ஒரு நாளு சரசு வூட்டாண்ட நின்னுகினு இருந்தே. சரசு இன்னிக்கும் சொல்லிச் சொல்லி சிரிக்குது. அப்பறம் ஒன்ன நான் பாக்கவே இல்லியே."

"நீங்க தண்ணிக்குள்ளே இருந்தப்போ வந்திருப்பேன்."

"இருக்கும்" என்றான். "தண்ணிக்குள்ள இருந்தா கரையில யாரு வர்றா, யாரு போறான்னு நல்லாத் தெரியும். ஆனாலும் இருக்கும்."

மறுநாள் நான் சீக்கிரமே போய் ராஜகோபாலன் சாருக்காகக் காத்திருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரிக்ஷாவில் அவர் இறங்கும்போது வேட்டியெல்லாம் புழுதி. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சரசுவின் படிவத்தையும் மற்ற ஐந்தையும் அவர்முன் வைத்தேன்.

"சார், இந்த ஆறையும் கொஞ்சம் பாருங்க. இதிலே ஜனவரியிலே மீன் நிறைய இருக்கு. யூனிஸ் அக்கா கணக்கோட ஒத்துப்போகுது."

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். குறிப்புகள் பகுதி எல்லாவற்றிலும் காலியாக இருந்தது. எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஒன்றில் மீன் செதில்கூட ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் நீ முதல்லே போனது, இல்லையா?"

"ஆமாம், சார்."

"தெரியுது. அப்போ உனக்குக் கேக்கத் தெரியலை. அவங்களும் உன்னை நம்பலை, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்காங்க. பரவாயில்லை, எல்லாருக்கும் ஆரம்பம் அப்படித்தான்." ஆறையும் தனியாக எடுத்து, ஒரு நாடாவால் கட்டினார். "இதைத் தள்ளிடலாம். முப்பத்து நாலு போதும். வேற ஏதாவது சொல்லணுமா?"

மற்றதெல்லாம் நானே எழுதியது, சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய்க்குள் அதை வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன். அவர் பேனா மூடியைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பிரியத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அதைத் தவிர வேறு காரணமே இல்லை. வேலை போகும் என்ற பயம்கூடப் பிறகுதான் வந்தது.

"இல்லை, சார்" என்றேன்.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குச் சமையலறைப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பின்கட்டுக் குழாயடியில் யூனிஸ் அக்கா வலையை அலசிக்கொண்டிருந்தாள். கூட்டாய்வின் வருஷம் ஜூனோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவள் சதுப்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போய் வந்திருந்தாள்.

துவைக்கிற கல்லின்மேல், தண்ணீர் படாத இடத்தில், ஒரு தாள் இருந்தது. காற்றில் பறக்காமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மேலே வைத்திருந்தாள். டைப் அடித்த கடிதம். ஜனவரி, பிப்ரவரி மாத எண்ணிக்கைகள் நம்பத் தகுந்தவை அல்ல என்று அவளே ஒப்புக்கொள்வதாக நான்கு வரி. கீழே அவள் பெயர். அதற்குமேல் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"வேதசிரோமணி சார் கொடுத்தார்" என்றாள். "திங்கட்கிழமை வேணுமாம். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்துது. இதோட விட்டா பட்டத்தை எப்படியாவது காப்பாத்திடலாம்னு நினைக்கிறார். எனக்கென்னவோ, கையெழுத்துப் போட்டா அப்புறம் எதை வச்சுத் தீசிஸ் எழுதறதுன்னே தெரியலை."

நான் வலையின் ஒரு முனையைப் பிடித்தேன். இருவருமாகப் பிழிந்தோம். சேற்று நீர் என் கால்மேல் வழிந்தது.

"குப்பன் உன்னைப் பத்தி ஏதோ உளறினான், சீலன். நீ அந்தப் பக்கமே வரலைன்னு. நான் நல்லாத் திட்டிட்டேன். இவன் அப்படிப்பட்ட பையன் இல்லை, சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறேன்னு சொன்னேன். அவன் கோவிச்சுகிட்டு இன்னிக்கு என்கூடப் பேசவே இல்லை."

"அக்கா" என்றேன்.

அவள் கேட்கவில்லை. வலையை உதறிக் கொடியில் போட்டாள். முகத்தில் தெறித்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்தபோது அவள் கண்களில் ஒரு உற்சாகம் இருந்தது. பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும்போது வருகிற அதே உற்சாகம்.

"மூணு நாளா இதைத்தான் யோசிச்சுகிட்டிருக்கேன். நான் பொய் எழுதலை. அவங்களும் பொய் சொல்லியிருக்க மாட்டாங்க, முப்பத்து நாலு பொம்பளைங்க சேர்ந்தா பொய் சொல்லுவாங்க? அப்போ நடுவிலே ஏதோ இருக்கு. என் வலையோட கண்ணு ரொம்பச் சின்னது. ஜனவரியிலே எனக்கு விழுந்ததிலே பாதி, விரல்கடை அளவு பொடி. நான் அதையும் மீன்னு எண்ணிட்டேன். அவங்க அதை மீன்னே சொல்லாம இருக்கலாம். விரால், கெளுத்தி மட்டும்தான் அவங்களுக்கு மீனா இருக்கலாம். நான் ஒரு வருஷமா தண்ணியிலே நின்னு எண்ணினேனே தவிர, கரைக்கு வந்து, எதை நீங்க மீன்னு சொல்றீங்கன்னு யாரையும் கேட்கலை. எங்க துறையிலே யாரும் கேட்க மாட்டாங்க. அது உங்க வேலைன்னு விட்டுட்டோம். ஒரே மேஜையிலே உட்கார்ந்து என்ன பிரயோஜனம், சொல்லு."

நான் கல்லின்மேல் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு குறவை, வாலை மடித்து, கண்ணாடியை ஒட்டிக் கிடந்தது. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். அவர்கள் எதுவுமே சொல்லவில்லை. என்னுடைய பொய்க்குப் பொருந்துகிற மாதிரி அவள் தன்னுடைய உண்மையை ஒவ்வொரு மூலையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"குப்பனுக்குத் தெரிஞ்ச வீட்டுக்கு நான் தனியாப் போகலாம். போனா நான் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வச்சேன்னு ஆகிடும். உன்கிட்டே பேசினவங்களா இருக்கணும், நீயும் பக்கத்திலே இருக்கணும்." அவள் குழாயை மூடினாள். நீலம் பூசிய கால்களைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். "நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிச்சா சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். எனக்கு எல்லா வீடும் வேண்டாம். அந்த முப்பத்து நாலிலே ஏதாவது ஒரு வீடு, உனக்கு ஞாபகம் இருக்கிற வீடு, அது போதும். என்னைக் கூட்டிட்டுப் போறியா, சீலன்?"